கரடிக் கை நாற்காலி

நாற்காலியைப் பற்றி வானொலியில் பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. காட்ட முடியாது. வாயாலேயே வரைந்து காட்டப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கைப்பேசி பக்கத்தில் இருந்தாலும் இப்போது எடுக்காதீர்கள். படத்தைப் பார்த்துவிட்டால் நான் சொல்வதை யார் கேட்பது?

நான் சோபா வேலைக்காரன். பழைய சோபாவைப் பிரித்துப் புதிதாகக் கட்டித் தருவதுதான் எங்கள் பட்டறையின் பிழைப்பு. அதனால் எந்த நாற்காலியைக் கண்டாலும் முதலில் அதன் அடியில் கையை விட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு. விருந்துக்குப் போன வீட்டில்கூட. வீட்டம்மா இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டதும் உண்டு. இன்று நான் பேசப்போவது ஒரே ஒரு நாற்காலியைப் பற்றி.

1951ஆம் ஆண்டு, டென்மார்க் நாட்டில், ஹான்ஸ் வெக்னர் என்ற வடிவமைப்பாளர் ஏபி ஸ்டோலன் என்ற நிறுவனத்துக்காக ஒரு மெத்தை நாற்காலி வரைந்தார். நிறுவனம் அதற்கு வைத்த பெயர் ஏபி 19. உலகம் அழைப்பது 'பாப்பா பேர்', அதாவது அப்பா கரடி. குட்டையான மரக் கால்கள். அகலமான, தாழ்ந்த இருக்கை. லேசாகப் பின்னுக்குச் சாய்ந்த உயரமான முதுகு. தலை மட்டத்தில் இரு பக்கமும் முதுகு சற்றே முன்னால் வளைகிறது. இனிமேல்தான் விசேஷம். இரண்டு கைகளும் முதுகின் பின்பக்கத்திலிருந்து புறப்பட்டு, தடித்து, முன்னால் நீண்டு வருகின்றன. வந்து எதிலும் நிற்கவில்லை. இருக்கைக்கும் கைக்கும் நடுவில் வெற்றிடம். கையின் நுனியில் மட்டும் துணி முடிந்து, வழவழவென்று இழைத்த ஒரு மரத்துண்டு. கரடியின் நகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து கரடி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டது போல் இருக்கிறது என்று அந்தக் காலத்து விமர்சகர் ஒருவர் எழுதினாராம். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இது வானத்திலிருந்து குதித்த வடிவம் இல்லை. இதற்கு ஒரு தாத்தா உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பிறந்த சிறகு நாற்காலிதான் அந்தத் தாத்தா. குளிர் நாட்டு வீடு. கணப்பில் நெருப்பு எரிகிறது. கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் ஊசிக்காற்று நுழைகிறது. கணப்பின் முன்னால் உட்காருகிற கிழவருக்கு முகம் சுடும், பிடரி உறையும். அதற்குத்தான் முதுகின் இரு பக்கமும் காது போலச் சிறகு வைத்தார்கள். காற்றைத் தடுக்கும், சூட்டைப் பிடித்து வைக்கும். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் படுக்கையறையில் போடுகிற நாற்காலியாகத்தான் அது முதலில் பெரும்பாலும் இருந்தது.

குன்னூர்ப் பக்கத்துப் பழைய பங்களா ஒன்றிலிருந்து அப்படி ஒரு சிறகு நாற்காலி எங்கள் பட்டறைக்கு வந்தது. எங்கள் மூத்த மேஸ்திரி அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுக்கு எதுக்குப்பா காது?" என்று கேட்டார். பதிலை நாற்காலியே வைத்திருந்தது. ஒரு பக்கச் சிறகின் துணி மட்டும் நிறம் போய், தொட்டால் முறிகிற மாதிரி காய்ந்து கிடந்தது. மறுபக்கம் புத்தம் புதுசு. எந்தப் பக்கம் கணப்பு இருந்தது என்று கேட்டு வேறு தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்த நாற்காலி இப்போது சென்னையில் ஓர் அடுக்கு மாடி வீட்டில் இருக்கிறது. ஏசி காற்று நேராகக் காதில் அடிக்காமல் இருக்கிறது என்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார். சிறகுக்கு மறுபடியும் வேலை கிடைத்துவிட்டது!

சரி, வெக்னருக்கு வருகிறேன். அவர் பிறந்தது 1914இல், டோண்டர் என்ற எல்லைப்புற ஊரில். அன்றைக்கு அந்த ஊர் ஜெர்மனியின் கையில் இருந்தது. 1920இல்தான் டென்மார்க்கோடு சேர்ந்தது. அப்பா செருப்புத் தைப்பவர். பையன் பதின்ம வயதிலேயே உள்ளூர்த் தச்சுப் பட்டறையில் தொழில் பழகினார். பிறகு கோபன்ஹேகனில் படிப்பு, ஆர்னே யாகப்சன் என்ற பெரிய கட்டடக் கலைஞரிடம் ஆர்ஹுஸ் நகர மன்றத்துக்கான மரச்சாமான் வேலை, அப்புறம் தனித்தொழில். 500க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வரைந்து, 2007இல் மறைந்தார். 1960இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர்களான கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்தபோது உட்கார்ந்த நாற்காலியும் இவருடையதுதான். வாழ்க்கை வரலாறு இத்தோடு போதும். எனக்குக் கொடுத்திருக்கிற நேரத்தில் நாற்காலியின் வயிற்றைத் திறந்தாக வேண்டும்.

அதற்கு முன் ஒன்று மட்டும். அந்தக் காலக் கோபன்ஹேகனில் கோரே கிளிண்ட் என்ற ஆசிரியரின் வழி செல்வாக்காக இருந்தது. பழைய நாற்காலிகளை ஒதுக்காதே, எடுத்து அளந்து பார், எந்த அளவு ஏன் வந்தது என்று கேள் என்பதுதான் அந்த வழி. வெக்னர் அந்தக் காற்றைச் சுவாசித்தவர். சீனத்துப் பழைய நாற்காலியைப் பார்த்து 1944இல் ஒன்று செய்தார். இங்கிலாந்தின் வின்சர் நாற்காலியிலிருந்து 1947இல் மயில் நாற்காலியை எடுத்தார். சிறகு நாற்காலியிலிருந்து 1951இல் கரடி வந்தது. மூன்றையும் தாத்தாக்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜாடை தெரியும், நகல் என்று யாரும் சொல்ல முடியாது.

சிறகு நாற்காலியில் அவர் என்ன மாற்றினார்? பழைய நாற்காலியில் சிறகும் கையும் இருக்கையும் ஒரே பெட்டிபோல மூடியிருக்கும். உட்கார்ந்தால் நேராகத்தான் உட்கார வேண்டும். வெக்னருக்கு அது பிடிக்கவில்லை. நல்ல சாய்வு நாற்காலி என்றால் உட்கார்ந்தவர் புரண்டு புரண்டு உட்கார இடம் தர வேண்டும் என்பது அவர் கொள்கை. மனித உடம்பு ஒரே நிலையில் அரைமணி நேரம் இருக்காது. இந்த உரையைக் கேட்கிற நீங்களே இதற்குள் ஒருமுறை காலை மாற்றிப் போட்டிருப்பீர்கள். அதனால் கையை இருக்கையிலிருந்து பிரித்து மேலே மிதக்கவிட்டார். நடுவில் இடம் கிடைத்தது. பக்கவாட்டில் திரும்பலாம், முழங்காலை மடக்கி ஒதுக்கலாம், ஒரு காலைத் தூக்கிக் கைமேல் போட்டுக்கொண்டு நாவல் படிக்கலாம். மாமியார் பார்த்தால் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம்.

கை நுனியில் அந்த மரத்துண்டு எதற்கு என்று ஒரு சோபா வேலைக்காரனைக் கேட்டால் உடனே சொல்வான். எங்களிடம் வரும் சோபாக்களில் முதலில் அழுக்கேறிக் கிழிவது கையின் முன்நுனிதான். எழும்போது எல்லோரும் அங்கேதான் ஊன்றி எழுகிறார்கள். வியர்வை, எண்ணெய்க் கை, குழந்தையின் பிஸ்கட் கை எல்லாம் அங்கே. முதுகும் இருக்கையும் நன்றாகவே இருக்கும். அந்த நுனிக்காக முழுத் துணியையும் மாற்றச் சொல்லி வருவார்கள். வெக்னர் அந்த இடத்தில் துணியை எடுத்துவிட்டு மரத்தை வைத்தார். மரத்தின் மேல் கை படப்பட மெருகேறும். பார்க்கிறவருக்கு அது கரடி நகம், அழகு. எனக்கு அது அனுபவசாலியின் கணக்கு.

ஓர் இளம் தம்பதி எங்களிடம் இந்த நாற்காலியின் படத்தைக் கொண்டுவந்தார்கள். அசலை அப்படியே நகல் எடுத்துத் தர மாட்டோம், இந்த மாதிரி வசதியாக ஒன்று செய்யலாம் என்றேன். எங்கள் ஆசாரி படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "கை எங்க நிக்குது சார்? கீழ காலே இல்லியே" என்றார். முதுகிலிருந்து பிடிக்கிறது என்றேன். "சரி, குழந்தை ஏறி கைமேல உக்காந்தா?" என்றார்.

கேட்டாரே, அதுதான் இந்த நாற்காலியின் மொத்தப் பொறியியலும்! முன்னால் தாங்கல் இல்லாத கையில் ஒருவர் ஊன்றி எழும்போது, அந்த எடை முழுவதும் பின்னால் இருக்கிற இணைப்புக்குப் போகிறது. கை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அந்த இணைப்பை நெம்பும். மெத்தைக்குள்ளே மறைந்திருக்கிற மரக்கூடு ஒழுங்காக இல்லையென்றால் சில மாதத்தில் கை ஆட ஆரம்பித்துவிடும். டென்மார்க்கில் பின்னர் இந்தக் கூட்டைச் செய்தது ஐனார் பெடர்சன் தன் சகோதரரோடு 1953இல் தொடங்கிய பிபி மோப்லர் என்ற சிறிய பட்டறை. யார் கண்ணிலும் படப்போகாத மரவேலையை அங்கே செய்து ஏபி ஸ்டோலனுக்கு அனுப்புவார்கள். அங்கே மெத்தை கட்டுவார்கள். பின்னாளில் ஏபி ஸ்டோலன் மூடிப்போனது. கூடு செய்த பட்டறையே இன்று முழு நாற்காலியையும் செய்து விற்கிறது.

அந்த இளம் தம்பதி என்ன செய்தார்கள் என்று கேட்பீர்களே. ஆசாரி மரத்துக்கும் கூலிக்கும் கணக்குச் சொன்னதும், கைக்குக் கீழே கால் வைத்தே செய்துவிடுங்கள் என்றார்கள். அதுவும் ஒரு நாற்காலிதான்.

இப்போது வயிற்றுக்குள் போவோம். எனக்கு இந்த நாற்காலிமேல் பித்துப் பிடித்ததே இதனால்தான். கரடிக்குள் ஃபோம் கிடையாது என்று சொன்னால் நம்புவீர்களா? குதிரைமுடி, பருத்தி, ஆளி நார், பனை இனத்து ஓலை நார் இவைதான் உள்ளே. இன்றும் பிபி மோப்லரில் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

பழைய முறையில் மெத்தை கட்டுவது எப்படி என்று சொல்கிறேன். கூட்டின் அடியில் சணல் நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து அடிக்க வேண்டும். எங்கள் பக்கம் இன்று அந்த இடத்தில் ரப்பர் பெல்ட் வந்துவிட்டது. நாடாவின் மேல் சுருள் ஸ்பிரிங்குகளை நிறுத்தித் தைத்து, ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் சணல் கயிற்றால் எட்டுத் திசையிலும் கட்ட வேண்டும். ஒன்று அமுங்கினால் பக்கத்திலிருப்பதும் பாரத்தில் பங்கெடுக்கும். ஆனால் எதுவும் சாயாது. அதற்குமேல் சாக்குத் துணி. சாக்கின்மேல் நாரோ முடியோ. அதை ஊசியால் குத்தி இழுத்து ஓரங்களைக் கெட்டிப்படுத்த வேண்டும். மேலே பஞ்சு, வெள்ளைத் துணி, கடைசியாகத்தான் நீங்கள் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற அந்தத் துணி. பொறுமை இல்லாதவன் இந்த வேலைக்கு வரவே கூடாது.

குதிரைமுடியை அப்படியே அள்ளித் திணித்தால் என்ன ஆகும்? அமுங்கிப் படுத்துவிடும். அதனால் முடியை முதலில் கயிறாக முறுக்குகிறார்கள். ஈரமும் ஆவியும் காட்டிப் பதப்படுத்திக் காயவைக்கிறார்கள். பிறகு கயிற்றைப் பிரித்து உதறுகிறார்கள். இராத்திரி இறுக்கிச் சடை பின்னிக் காலையில் பிரித்தால் கூந்தல் அலை அலையாக நிற்குமே, அதே கதைதான். ஒவ்வொரு முடியும் ஒரு குட்டி ஸ்பிரிங். உட்கார்ந்தால் அமுங்கும், எழுந்தால் நிமிரும். நடுவில் காற்று போய் வரும். உடம்புச் சூடு தங்காது. குதிரைமுடி விலை கூடியபோது ஐரோப்பியர்கள் வட ஆப்பிரிக்காவின் குட்டைப் பனை ஓலையைக் கிழித்து நாராக்கி, அதையும் இதே மாதிரி கயிறு முறுக்கிப் பிரித்துப் பயன்படுத்தினார்கள்.

பொள்ளாச்சிப் பக்கத்து நேயர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். தேங்காய் நாரைக் கயிறாக முறுக்கி வைத்திருந்து, பிறகு பிரித்துச் சுருள் நாராக்கி, ரப்பர் பால் தெளித்து மெத்தைக்கு அனுப்புகிற வேலை உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குதிரைக்கு என்ன சூத்திரமோ அதுவேதான் தென்னைக்கும். கரடி நாற்காலியின் உள்வேலையை ஒரு டென்மார்க்காரர் உங்கள் ஊருக்கு வந்து விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதைச் சொல்லும்போது குன்னூர் நாற்காலியைப் பிரித்த நாள் நினைவுக்கு வருகிறது. உள்ளே கறுப்பாகச் சுருண்ட முடி. மேஸ்திரி அண்ணன் ஒரு பிடி அள்ளிக் கசக்கி விட்டார். மெல்ல மெல்ல நிமிர்ந்தது. "என்னைவிட வயசானது, என்னைவிட நல்லா நிமிருது" என்றார். அந்த முடியை அலசி, காயவைத்து, கையாலேயே பிரித்து அதே நாற்காலிக்குள் திரும்ப வைத்தோம். மலிவு ஃபோம் வைத்த சோபா வந்தால் நிலைமை வேறு. சில வருடத்திலேயே அது மஞ்சள் பொடியாகக் கொட்டும்; மாஸ்க் போடாமல் பிரிக்க முடியாது.

ஃபோமைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். வெக்னர் கரடியைச் செய்த சில வருடங்களில் காலம் மாறிவிட்டது. அவருடைய பழைய முதலாளி ஆர்னே யாகப்சன் 1958இல் கோபன்ஹேகனில் ஒரு பெரிய ஓட்டலுக்காக முட்டை நாற்காலியை வரைந்தார். அதுவும் சிறகு நாற்காலியின் பேரப்பிள்ளைதான். ஆனால் உள்ளே மரக்கூடு இல்லை, நாடா இல்லை, ஸ்பிரிங் இல்லை. வார்த்தெடுத்த ஓடு, அதன்மேல் ஃபோம், அதன்மேல் துணியோ தோலோ. ஃபோம் இல்லாவிட்டால் அந்த வளைவே வந்திருக்காது. பார்க்க எனக்கு முட்டையும் பிடிக்கும். உட்காரவும் பிரித்துக் கட்டவும் கரடிதான். பிரித்துக் கட்ட முடிகிற நாற்காலி எனக்குச் சோறு போடும் என்பதும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன்.

இன்று கடைகளில் 'ரெட்ரோ' என்று எழுதி வைத்த நாற்காலிகள் நிறைய வந்துவிட்டன. கூம்பிய மரக்கால் நான்கு, கடுகு நிறமோ மயில்கழுத்து நிறமோ ஒரு வெல்வெட் துணி, முதுகில் இரண்டு பட்டன். அவ்வளவுதான் ரெட்ரோ. அடியில் கையை விட்டால் மெலிசுப் பலகையும் ஸ்டேப்பிள் பின்னும். 1951இன் ஜாடையை எடுத்துக்கொண்டார்கள். சிறகு ஏன் வந்தது, கை ஏன் பிரிந்தது, நுனியில் மரம் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெக்னர் பழசைப் பார்த்தபோது கேட்டது இந்தக் கேள்விகளைத்தான். அதனால்தான் அவருடையது இன்னும் பட்டறையில் தயாராகிறது. இவை இரண்டு தீபாவளியோடு எங்களிடம் வந்து நிற்கின்றன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அசல் கரடியின் விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது. அதை வாங்கச் சொல்ல நான் வரவில்லை. அடுத்த முறை சோபா கடைக்குப் போனால் துணியைத் தடவுவதோடு நிறுத்தாதீர்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள், பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், கையில் ஊன்றி எழுந்து பாருங்கள். ஆடுகிறதா என்று பாருங்கள். அடியில் என்ன மரம், உள்ளே பெல்ட்டா ஸ்பிரிங்கா, ஃபோம் 32 டென்சிட்டியா 40 டென்சிட்டியா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டில் தாத்தா காலத்து நாற்காலி பரணில் கிடந்தால் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாமல், உங்கள் தெருவில் இருக்கிற சோபா வேலைக்காரரைக் கூப்பிட்டு ஒரு மூலையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே நாரோ முடியோ இருந்து, கசக்கியதும் நிமிர்ந்தால், அதைக் குப்பையில் கொட்ட விடாதீர்கள். வெயிலில் போட்டுக் கையால் பிரித்தால் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும்.